எவரை எவர் மறிப்பது?

பலர் கூடிச் செய்யும் காரியம் ஒன்று தோற்றுப் போனால், அத்தோல்விக்குப் பொறுப்பாளி என்று உலகம் விரல் நீட்டுவது பெரும்பாலும் கடைசியாகக் கீழே விழுந்தவரை நோக்கித்தான். அவர் கண்ணில் படுகிறார்; ஆதலால் பழியில் அகப்படுகிறார். அவர் விழுவதற்கு முன்னர் எத்தனை பேர் எத்தனை கடமைகளைச் செய்தார்கள், அவற்றுள் எது செய்யப்படாமல் நின்றது, அது எவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்றெல்லாம் கேட்பதற்கு உலகுக்குப் பொறுமை இருப்பதில்லை.

இவ்வுண்மையை நமக்கு விளக்கிக் காட்டியது ஒரு விளையாட்டு. நம் வாசகர்களுள் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூடிய, ஆனால் சிலரே பார்த்துப் புரிந்திருக்கக்கூடிய அமெரிக்கக் கால்பந்தே அது. பெயரில் கால் இருக்கிறதே ஒழிய, பந்தைக் காலால் உதைப்பது அங்கே அரிது. கையில் ஏந்தி ஓடுவதும், கையால் எறிந்து பிடிப்பதுமே பெரும்பகுதி. இரு முனையும் கூர்ந்த பந்து, தலைக்கவசம், தோள்களில் கனத்த காப்பு, ஒருவரையொருவர் மோதி வீழ்த்தும் பேரொலி ஆகியவற்றை முதன்முறை காண்பவருக்கு, இது விளையாட்டா சண்டையா என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் அந்த இரைச்சலுக்குள் கணக்குப் போன்ற ஓர் ஒழுங்கு இருக்கிறது. அவ்வொழுங்கில் ஒரே ஒரு சொல் சேரவேண்டிய இடத்தில் சேராமற்போனதால் ஒரு சிறுவன் சுமந்த பழியைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். மைதானம் இரு எல்லைக் கோடுகளுக்கிடையே 100 கெஜ நீளமுடையது. அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 முயற்சிகள் தரப்படுகின்றன. அந்த நான்கிற்குள் அது 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் 4 முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஏல் பல்கலைக்கழகத்து ஆட்டக்காரராயிருந்த வால்ட்டர் காம்ப் என்பவரின் முயற்சியால், 1880-இல் இரு அணிகளும் ஒரு கோட்டின் இருபுறமும் எதிரெதிரே நின்று ஆட்டத்தைத் தொடங்கும் முறையும், 1882-இல் இத்தனை முயற்சிக்குள் இத்தனை கெஜம் என்னும் கணக்கும் ஏற்பட்டன. முயற்சிகள் நான்கு என்பது 1912-இல் நிலைபெற்றது.

அந்தக் கோட்டின் நடுவே ஐவர் தோளோடு தோள் சேர்ந்து குனிந்து நிற்பார்கள். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள். அவர்களுக்கு அப்பால் இரண்டு டேக்கிள்கள். சென்டர் தம் கால்களுக்கிடையே பந்தைப் பின்னுக்குத் தந்தவுடன் ஆட்டம் தொடங்குகிறது. மற்ற நால்வரோ ஆட்டம் முழுவதிலும் பந்தைத் தொடாமலே வீடு திரும்புவதுண்டு. பந்தோடு ஓடி வரும் தம் தோழனுக்கு வழி உண்டாக்குவதும், அவனைப் பிடிக்க வரும் எதிரிகளை மறித்துத் தள்ளுவதுமே அவர்கள் தொழில். தள்ளலாம், பிடித்து இழுத்தல் ஆகாது. இழுத்தால் அணிக்கே தண்டனை. ஓடியவன் எத்தனை கெஜம் ஓடினான் என்பதற்குப் பதிவேட்டில் இடமுண்டு. எறிந்தவன், பிடித்தவன், மடக்கியவன் ஆகியோர்க்கும் இடமுண்டு. மறித்தவனுக்கு மட்டும் அந்தக் கணக்கில் ஓர் எண்ணும் எழுதப்படுவதில்லை.

நம் மகள் கணவரோடும் பிள்ளைகளோடும் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகருக்கு அருகே வாழ்ந்து வருகிறாள். அங்கே சில மாதங்கள் தங்கியிருந்தபோதுதான் இந்த ஆட்டத்தோடு நமக்குப் பழக்கம் ஏற்பட்டது. நம் பேரனுக்கு வயது 16. உயர்நிலைப்பள்ளி அணியில் இடப்புறக் கார்டாக நிற்கிறான். அம்மாநிலத்தில் இலையுதிர்காலத்து வெள்ளிக்கிழமை இரவு என்றால் பள்ளிகளின் கால்பந்து என்றே பொருள். ஊரே திரண்டு வந்து விளக்கொளியில் அமர்ந்திருக்கும்.

நம் மருமகனுக்கு இதில் விருப்பமில்லை. "பந்தையே தொடாத விளையாட்டுக்கு இத்தனை அடியும் உதையும் எதற்கு, மாமா? தலையில் பட்டால் என்ன ஆவது? ஓடுகிறவனுக்குப் பெயராவது கிடைக்கிறது. இவனுக்கு என்ன கிடைக்கிறது?" என்று நம்மிடம் பலமுறை கேட்டிருந்தார். தலையில் படும் அடிகளால் பின்னாளில் நேரும் கேடுகளை மருத்துவர்கள் எடுத்துரைத்துவரும் இக்காலத்தில் அவருடைய அச்சம் நியாயமானதே. அந்தப் பருவத்தின் இறுதியில் இதை நிறுத்திவிட வேண்டும் என்று அவர் மனத்துக்குள் முடிவு செய்திருந்தார். பேரனுக்கும் அது தெரியும்.

அப்படியிருந்த நாளில்தான் அந்த ஆட்டம் நிகழ்ந்தது. நம் பேரனின் அணி 3 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. நேரம் இரண்டு நிமிடங்களுக்கும் குறைவு. நான்காவது முயற்சி, வேண்டியதோ ஒரே ஒரு கெஜம். வலப்புறமாக ஓடுவது என்று முடிவாயிற்று. சென்டர் பந்தைத் தந்தார். இடப்புறக் கார்டாகிய நம் பேரன் தன் இடத்தை விட்டுப் பின்னால் சுற்றி வலப்புறம் ஓடினான். ஓடியவன் மூன்றாம் அடியில் கால் இடறிக் குப்புற விழுந்தான். பந்தோடு வந்தவன், விழுந்து கிடந்தவனைத் தாண்டுவதற்குள் எதிரணியின் ஒருவன் நேரே வந்து அவனை மடக்கினான். ஓர் அங்குலமும் முன்னேறவில்லை. பந்து கைமாறியது. ஆட்டம் முடிந்தது.

நமக்குப் பின் வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் பேசியது தெளிவாகக் காதில் விழுந்தது. "அறுபத்து நான்கு விழுந்துவிட்டான், அவன்தான் கெடுத்தான்" என்றார்கள். அறுபத்து நான்கு என்பது நம் பேரனின் சட்டை எண். எண்ணைச் சொன்னார்கள், எண்ணுக்குரியவனின் தாய் முன்வரிசையில் அமர்ந்திருந்ததை அறியார்கள். மகள் முகம் வாடிப்போயிற்று. வீடு திரும்பும் வழியில் வண்டிக்குள் எவரும் பேசவில்லை. நம் துணைவியார் மட்டும், "நசீபு அவ்வளவுதான், கண்ணே. வருந்தாதே" என்று பேரனின் தோளைத் தடவிக் கொடுத்தார். மருமகன், "இன்னும் எத்தனை நாளைக்கு இது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பையன் விடை கூறவில்லை.

மறுநாட்காலை அணியின் ஆட்டக்காரர் அனைவரும் பள்ளியில் கூடி, முந்தைய இரவின் ஆட்டத்தைப் படமாகப் பார்த்துத் திரும்பினார்கள். ஒவ்வோர் ஆட்டத்தையும் இவ்வாறு பார்த்து ஆராய்வது அங்கே வழக்கம். அன்று மாலை, அந்தப் படத்தை நமக்கும் காட்டும்படி கேட்டோம். பையன் தயங்கினான், பிறகு கணினியை எடுத்து வந்து நம் அருகே அமர்ந்தான். மருமகனும் மகளும் சற்றுத் தள்ளி அமர்ந்து கொண்டார்கள். அவன் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னவற்றை நம் நடையில் தருகிறோம்.

"நன்னா, முதலில் பந்தைப் பார்க்காதீர்கள். எவரை எவர் மறிக்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்து கொள்ளுங்கள்" என்று தொடங்கினான்.

அந்த ஓட்டத்திற்கு அங்கே 'பவர்' என்று பெயர். பல்லாண்டுகளாகப் பள்ளி அணிகளும் தொழில்முறை அணிகளும் ஆடிவரும் முறை அது. வலப்புறம் ஓடுவதானால் கடமைகள் இவ்வாறு பங்கிடப்படுகின்றன: வலப்புறக் கார்டும் வலப்புற டேக்கிளும் சேர்ந்து, தங்களுக்கு எதிரே நிற்கும் ஒருவனை இருவராகத் தள்ளிப் பின்வாங்கச் செய்ய வேண்டும். ஓடுபவனுக்கு முன் நிற்கும் ஃபுல்பேக், வலக்கோடியில் நிற்கும் எதிரியை வெளிப்புறமாகத் தள்ள வேண்டும். இவ்விரு மறிப்புகளுக்கும் இடையே ஒரு வாயில் திறக்கும். இடப்புறக் கார்டு பின்னால் சுற்றி வந்து அந்த வாயிலுக்குள் முதலில் நுழைந்து, அங்கே காத்திருக்கும் லைன்பேக்கர் என்னும் இரண்டாம் வரிசைக் காவலனை மறிக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் பந்தோடு வருபவன் நுழைவான்.

இப்படி இடப்புறக் கார்டு எழுந்து போய்விட்டால், அவன் நின்ற இடம் வெறுமையாகிவிடும் அல்லவா? அந்த வெற்றிடத்தின் வழியே எதிரி உள்ளே புகுந்தால் எல்லாம் பாழாகும். அதைக் காப்பது சென்டரின் பொறுப்பு. அவர் பந்தைத் தந்த கணமே இடப்புறம் திரும்பி, அங்கே நிற்பவனை மறிக்க வேண்டும். அந்த எதிரி சென்டருக்கு எட்டாத தூரத்தில் நின்றால், சென்டர் ஒரு சொல்லை உரக்கக் கூறுவார். அச்சொல்லைக் கேட்டதும் இடப்புற டேக்கிள் வெளிப்புறம் போகாமல் உள்நோக்கி அடியெடுத்து வைத்து, அவனைத் தாமே மறித்துக்கொள்ள வேண்டும். அப்போது சென்டர் வேறொருவனைத் தேடிப் போவார். ஒரே ஒரு சொல். ஆனால் அது இருவர் கடமையை மாற்றியமைக்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டுப் படத்தை ஓடவிட்டான். முழு ஆட்டமும் சில நொடிகளே. பிறகு நிறுத்தி நிறுத்திக் காட்டினான்.

பந்து தரப்படுவதற்குச் சற்று முன், சென்டருக்கு அருகே நின்ற எதிரி ஓரடி வெளிப்புறமாக நகர்ந்தான். இப்போது அவன் இடப்புறக் கார்டுக்கும் இடப்புற டேக்கிளுக்கும் இடையே நின்றான், சென்டருக்கு எட்டமாட்டான். சென்டர் தலையைத் திருப்பிச் சொல்லைக் கூறியது படத்திலேயே தெரிகிறது. பந்து வந்தது. சென்டர் தம் புதிய கடமையை நோக்கிச் சென்றார். இடப்புற டேக்கிளோ உள்நோக்கி வராமல், வழக்கம்போல் வெளிப்புறக் கோடியில் நின்றவனை நோக்கி அடியெடுத்து வைத்தான். நடுவே நின்றவனை மறிக்க எவருமில்லை. அவன் தடையின்றி உள்ளே பாய்ந்து, சுற்றி ஓடிக்கொண்டிருந்த நம் பேரனின் இடுப்பில் பின்னாலிருந்து மோதினான். பையன் விழுந்தான். அவன் மறிக்கவேண்டிய லைன்பேக்கர் விடுபட்டான். விடுபட்டவன் பந்தோடு வந்தவனை மடக்கினான்.

மேலிருந்து பார்த்த கூட்டத்திற்குத் தெரிந்தவை இரண்டே: அறுபத்து நான்கு விழுந்தான், அவன் மறிக்க வேண்டியவன் மடக்கினான். இரண்டும் உண்மை. ஆயினும் அவ்விரண்டு உண்மைகளைச் சேர்த்து அவர்கள் கூறிய தீர்ப்பு உண்மையன்று.

"அப்படியானால் தவறு அந்த டேக்கிளுடையதுதானே?" என்று மருமகன் இடைமறித்தார். அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக் கொண்டதை அப்போதுதான் கவனித்தோம்.

பையன் உடனே விடை கூறாமல், அதே ஆட்டத்தின் சற்று முந்தைய பகுதியை ஓட்டிக் காட்டினான். வழக்கமாக இடப்புற டேக்கிளாக நிற்பவன் கணுக்கால் பிசகி, இரண்டு முயற்சிகளுக்கு முன்புதான் வெளியே அழைத்துச் செல்லப்பட்டிருந்தான். அவனுக்குப் பதிலாக வந்தவன் அந்த ஆண்டு முழுவதும் வலப்புறத்திலேயே பயிற்சி பெற்றவன். வலப்புறம் ஓடும் பவர் ஆட்டத்தில் வலப்புற டேக்கிளுக்கு அந்தச் சொல்லால் ஆவது ஒன்றுமில்லை. அவன் எப்போதும் பக்கத்துக் கார்டோடு சேர்ந்து தள்ளுபவன். ஆகவே அச்சொல் அவன் காதில் எத்தனையோ நாள் விழுந்திருக்கிறது. ஆனால் ஒருநாளும் அவனை நோக்கிச் சொல்லப்பட்டதில்லை. அன்றிரவு முதன்முறையாக அது அவனை நோக்கி வந்தது. அது தனக்கு என்பதை அவன் அறியவில்லை. அவன் சோம்பியிருக்கவில்லை. வெளிக்கோடியில் நின்றவனை முழு வலிமையோடு ஐந்து கெஜம் தள்ளிச் சென்றதைப் படம் காட்டுகிறது. தேவையில்லாத இடத்தில் செய்யப்பட்ட மிக நல்ல மறிப்பு அது.

ஓட்டக்காரனிலிருந்து தொடங்கிய விசாரணை, விழுந்தவனுக்கும், விழுந்தவனிடமிருந்து சென்டருக்கும், சென்டரிடமிருந்து டேக்கிளுக்கும், டேக்கிளிடமிருந்து ஒரு சொல்லுக்கும், சொல்லிலிருந்து பயிற்சிக்கும் சென்றுவிட்டது. ஒரு கெஜ தூரத்திற்குள் இத்தனை படிகள்!

காலையில் பயிற்சியாளர் அவ்வாட்டத்திற்கு அளித்த மதிப்பீட்டையும் பையன் கூறினான். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் மூன்று வினாக்கள் கேட்கப்படுகின்றனவாம். தனக்கு இட்ட கடமை எது என்று அறிந்து அதனை நோக்கிச் சென்றானா? சென்றவன் உரிய முறைப்படி செய்தானா? முழு முயற்சியோடு செய்தானா? அந்த டேக்கிளுக்கு முதல் வினாவில் குறை. மற்ற இரண்டிலும் நிறை. நம் பேரனுக்குக் கடமையில் நிறை, முயற்சியில் நிறை. முறையில் மட்டும் குறை. சுற்றி ஓடும்போது உடலைத் தாழ்த்தி ஓட வேண்டியவன் நிமிர்ந்து ஓடினான். தாழ்ந்து ஓடியிருந்தால் அந்த மோதலைத் தாங்கிக் காலூன்றியிருக்கக் கூடும். "அந்தக் குறை என்னுடையதுதான், நன்னா. மற்றது என்னுடையதன்று" என்றான். தன் பங்கைக் கூட்டாமலும் குறைக்காமலும் அவன் சொன்ன விதம் நம் நெஞ்சைத் தொட்டது.

பிறகு பயிற்சியாளர், இடப்புறத்துச் சொற்களை வலப்புற ஆட்டக்காரருக்கும் கற்பிக்காதது தம் பொறுப்பு என்று அனைவர் முன்னிலையிலும் கூறி, திங்கட்கிழமைப் பயிற்சியில் அதனை முதலாவதாகக் கரும்பலகையில் எழுதினாராம்.

மகளுக்கு மனம் ஆறவில்லை. "இதையெல்லாம் வெளியே சொன்னால் என்ன? நீ விழுந்ததற்குக் காரணம் வேறு என்று பள்ளியில் நாலு பேருக்குத் தெரியட்டுமே!" என்றாள்.

"உம்மா, எனக்கு இட்ட வேலை என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே என்னைக் குறை சொன்னார்கள். அவனுக்கு இட்ட வேலை என்ன என்றும் தெரியாது. நான் போய்ச் சொன்னால் என்னை விட்டுவிட்டு அவனைப் பிடித்துக் கொள்வார்கள். அவ்வளவுதான் நடக்கும்" என்றான் பையன். மகள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அறையில் சிறிது நேரம் அமைதி நிலவியது.

அந்நாட்டுத் தொழில்முறை ஆட்டங்களிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. டல்லாஸ் வட்டாரத்தில் இன்றும் பேசப்படும் ஒன்று 1995 டிசம்பர் 10 அன்று பிலடெல்பியா நகரில் நடந்தது. டல்லாஸ் கௌபாய்ஸ் அணியும் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியும் 17-17 எனச் சமநிலையில் இருந்தன. இறுதிக்கு இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல். டல்லாஸுக்கு நான்காவது முயற்சி; ஒரு கெஜம்கூட வேண்டியதில்லை. பந்து அவர்களுடைய பக்கத்திலேயே 29-ஆவது கெஜக் கோட்டில் இருந்தது. அத்தகைய இடத்தில் பந்தை உதைத்துத் தொலைவுக்கு அனுப்பிவிடுவதே வழக்கம். பயிற்சியாளர் பேரி சுவிட்சர் துணிந்து ஓடச் சொன்னார். இடப்புறம் ஆட்களைக் குவித்து ஓடும் 'லோடு லெஃப்ட்' என்னும் ஆட்டம் அது. ஓடியவர் எம்மிட் ஸ்மித். அந்த ஆண்டில் 1,773 கெஜம் ஓடி அனைவரையும் விஞ்சியவர். அவர் தடுக்கப்பட்டார். ஆனால் அதற்கு முன்பே கடைசி இரண்டு நிமிட அறிவிப்புக்குரிய நேரம் வந்துவிட்டது என்று நடுவர்கள் அந்த முயற்சியைச் செல்லாததாக்கினார்கள். கிடைத்தற்கரிய மறுவாய்ப்பு! சுவிட்சர் மறுபடியும் அதே ஆட்டத்தையே ஆடச் சொன்னார். மறுபடியும் ஸ்மித் தடுக்கப்பட்டார். பிலடெல்பியா பந்தைப் பெற்று, 42 கெஜ தூரத்திலிருந்து உதைத்து 20-17 என வென்றது.

பத்திரிகைகள் சுவிட்சரை வாட்டியெடுத்தன. இங்கே கண்ணில் பட்டவர் பயிற்சியாளர். ஆதலால் பழி அவருக்கு. ஆனால் ஒரே ஆட்டம் ஒரே ஆட்களால் இருமுறை ஆடப்பட்டு இருமுறையும் தோற்றது என்பதில் மற்றொரு செய்தி அடங்கியிருக்கிறது. ஒருவன் தற்செயலாக இடறியதாலோ, ஒரு சொல் காதில் விழாததாலோ மட்டும் அது தோற்றிருக்குமானால், இரண்டாம் முறையும் அவ்வாறே நேர்ந்திருக்க வேண்டியதில்லை. எதிரே நின்ற பதினொருவரும் தங்கள் கடமையைச் செய்தார்கள் என்பதும் தோல்விக்கு ஒரு காரணம்தான். தோற்றவர்களுக்குள்ளேயே குற்றவாளியைத் தேடுகிறவர்கள், வென்றவர்களின் உழைப்பை மறந்துவிடுகிறார்கள். அதே டல்லாஸ் அணி அடுத்த மாதம், 1996 ஜனவரி 28 அன்று, பிட்ஸ்பர்க் அணியை 27-17 என வென்று அந்தப் பருவத்தின் மகுடத்தைச் சூடியது.

வெற்றியிலும் இந்நிலையே காணப்படுகிறது. 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பே நகரில், உறைநிலைக்குக் கீழே 25 பாகை செல்சியஸ் குளிரில், கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் டல்லாஸ் அணியும் மோதின. ஆட்டம் முடியும் தறுவாயில், எல்லைக் கோட்டிற்கு ஒரு கெஜ தூரத்தில், கிரீன் பேயின் டானி ஆண்டர்சன் இருமுறை ஓடிப் பார்த்தார். பனி இறுகிய தரையில் கால் வழுக்கியது. எல்லையைத் தொட முடியவில்லை. மூன்றாம் முறை, குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தைப் பிறரிடம் தராமல் தாமே ஏந்திப் புகுந்தார். கிரீன் பே 21-17 என வென்றது. அவருக்கு வழி திறந்தவர்கள் வலப்புறக் கார்டு ஜெர்ரி கிரேமர், சென்டர் கென் போமன் ஆகிய இருவர். இருவரும் சேர்ந்தே ஜெத்ரோ பியூ என்னும் எதிரியைத் தள்ளினார்கள். அந்த மறிப்பு தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. கிரேமரின் பெயர் நாடெங்கும் பரவியது. 2018-இல் புகழாளர் மன்றத்திலும் அவர் இடம் பெற்றார். அந்த மறிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிரேமரைச் சொல்கிற அளவுக்குப் போமனைச் சொல்வதில்லை. கிரேமர் புகழுக்குத் தகுதியுடையவரே. ஆயினும் இருவர் தோள் கொடுத்துத் திறந்த வாயிலில் உலகம் ஒருவர் பெயரையே பெரிதாக எழுதி வைத்தது.

ஆக, பார்வையாளர்களின் கண் வெற்றியிலும் ஒருவரையே தேடுகிறது. தோல்வியிலும் ஒருவரையே தேடுகிறது. ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்தவர்களின் கண் அப்படிப்பட்டதன்று. எதிரணியின் லைன்பேக்கர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று, பந்தைப் பார்க்காதே, கார்டுகளைப் பார் என்பதாகும். பந்து ஏமாற்றக் கூடும். கார்டு எந்தப் பக்கம் அடியெடுத்து வைக்கிறானோ அந்தப் பக்கமே ஆட்டம் போகும் என்பது அவர்கள் அனுபவம். பார்வையாளர் காணாத ஐவரை, அவர்களை வெல்ல வந்த எதிரிகள் கண்கொட்டாமல் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள் என்பது வியப்புக்குரியதல்லவா?

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் நம் மருமகனின் பார்வையிலும் ஒரு மாற்றத்தைக் கண்டோம். பந்து எங்கே போனாலும் அவர் கண்கள் அறுபத்து நான்கையும் அவன் இருமருங்கிலும் நின்றவர்களையுமே தொடர்ந்தன. மூன்றாவது வாரத்தில் அதே பவர் ஆட்டம் மீண்டும் வந்தது. எதிரி ஓரடி நகர்ந்தான். சென்டர் சொல்லைக் கூறினார். இம்முறை அந்த மாற்று ஆட்டக்காரன் உள்நோக்கி அடியெடுத்து வைத்து வெற்றிடத்தை அடைத்தான். நம் பேரன் தாழ்ந்து ஓடி, வாயிலுக்குள் நுழைந்து, தன் லைன்பேக்கரை மறித்தான். கிடைத்தது 4 கெஜம். ஒலிபெருக்கி, ஓடியவனின் பெயரை உரைத்தது. மருமகன் நம் பக்கம் சாய்ந்து, "அந்த டேக்கிள் உள்ளே வந்தான், மாமா, பார்த்தீர்களா?" என்றார். விளையாட்டை நிறுத்துவது பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை. தலைக்காயம் பற்றிய அச்சம் மட்டும் அவருக்கு இருந்தது. அது நீங்கவில்லை, நீங்க வேண்டியதுமில்லை.

தோல்வியை ஆராய்வது என்பதும் குற்றவாளியைத் தேடுவது என்பதும் ஒன்றல்ல. குற்றவாளியைத் தேடுகிறவருக்கு ஒரு பெயர் கிடைத்தவுடன் வேலை முடிந்து விடுகிறது. தோல்வியை ஆராய்கிறவருக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. அவர் கேட்க வேண்டிய முதல் வினா, "இவர் ஏன் செய்யவில்லை?" என்பதன்று, "இவரிடம் ஒப்படைக்கப்பட்டது எது? அது இவருக்கு எட்டியதா?" என்பதே. இந்த வினாவுக்கு விடை அறியாத வரையில் இரண்டாவது வினாவைக் கேட்க நமக்கு உரிமையில்லை.

குடும்பமாயினும், கூட்டு வணிகமாயினும், ஊர்ப்பொதுக் காரியமாயினும், பலர் கைகோத்து நிற்கும் இடமெல்லாம் இப்படி ஒரு கோடுதான். அங்கே இருவர் ஒருவனையே மறிக்கப் போவார்கள். இடையே ஒருவன் புகுந்து விடுவான். விழுந்தவரை எல்லாரும் பார்ப்பார்கள். அவரை எழுப்பிவிட்டு, சொல்லப்பட்ட சொல் உரியவரைச் சென்றடைந்ததா என்று விசாரிப்பவர் ஒருவரேனும் அங்கே இருந்தால், அடுத்த முறை அந்த ஒரு கெஜத்தைக் கடந்து விடலாம்.